மனைவியின் ஊனமும் கணவனின் வருமானவரியும்

மனைவிக்கு ஊனம் இருந்தால் கணவன் கட்டும் வருமானவரியில் தள்ளுபடி உண்டா, அதை மாநில சர்க்காரிடம் கோருவதா, மத்திய சர்க்காரிடம் கோருவதா என்று அங்கத்தினர் சிலர் கேட்டு வருகின்றனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளை உடைய நெசவுக் குடும்பங்களிலும், பூவிருந்தவல்லிக்கு மேற்கே நிலம் வைத்துக்கொண்டே நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவர் வீடுகளிலும் இக்கேள்வி எழுவது இயல்பே. இதற்குச் சுருக்கமான விடை ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சுருக்கத்தை நம்பிச் செயலில் இறங்குவோர் ஏமாறக்கூடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம். மனைவி சம்பாதித்துக் கணவன் ஊனமுற்றிருந்தாலும் கீழே சொல்வன யாவும் அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடலாம். நம் நாட்டில் சம்பளம், தொழில் முதலியவற்றின்மீது மாநில வருமானவரி என்று தனியே ஒன்று இல்லை. அரசியல் சட்டத்தின் பகிர்வின்படி, வேளாண்மை நீங்கலான வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமை மத்திய சர்க்காருக்கு உரியது. வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு விடப்பட்டது. நம் மாநிலமும் 1955இல் தோட்டப் பயிர்களுக்கென அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியதுண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சியோ நகராட்சியோ வசூலிக்கும் தொழில்வரி வேறு வகையைச் சேர்ந்தது. ஆக, நாம் பேசும் தள்ளுபடி மத்திய சர்க்காரின் வருமானவரிச் சட்டத்திலேயே உள்ளது. தமிழ்நாட்டுச் சர்க்காரின் பங்கு ஊனச் சான்று வழங்குவதில்தான் வருகிறது. இரண்டு அலுவலகங்களின் வேலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே பலர் அலைகின்றனர்.

விவசாய வருமானம் ஒன்றையே நம்பி வாழும் அங்கத்தினருக்கு இக்கட்டுரையில் அதிகம் இல்லை. மல்லிகையோ, கீரையோ, நெல்லோ, நிலத்தில் விளைந்ததை விற்ற பணத்துக்கு வருமானவரி கிடையாது. வரி இல்லாத இடத்தில் தள்ளுபடிக்கும் வேலை இல்லை. கறவை மாடு வளர்த்துப் பால் விற்பது இந்த விலக்கில் சேராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்க. கூலிக்குத் தறி நெய்வோரிலும் மிகப் பெரும்பாலோர் வரிக்குரிய வருமானத்தை எட்டுவதே இல்லை. எனினும் அவர்கள் இதைப் படிக்காமல் விட்டுவிட வேண்டாம். சான்றைப் பற்றிச் சொல்லப்போகும் பகுதி வரி கட்டாதவருக்கே அதிகம் பயன்படும்.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் இத்தள்ளுபடிக்குரிய பிரிவு 80டிடி எனப்படுவது. தம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத் திறனாளி ஒருவரின் மருத்துவத்துக்கோ, பராமரிப்புக்கோ, பயிற்சிக்கோ, மறுவாழ்வுக்கோ செலவு செய்பவர், தம் மொத்த வருமானத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஊனம் 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால் ரூ. 75,000, 80 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்து கடும் ஊனம் எனப்பட்டால் ரூ. 1,25,000. முன்பு ரூ. 50,000 எனவும் ரூ. 1,00,000 எனவும் இருந்த இத்தொகைகள் 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் இவ்வாறு உயர்த்தப்பட்டன. 2025இல் நிறைவேறிய புதிய வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என வகுக்கப்பட்டது. அதிலும் இத்தள்ளுபடி வேறு பிரிவு எண்ணோடு தொடர்கிறது. எண் மாறியதைக் கண்டு உரிமையே போயிற்று என்று எவரும் கருத வேண்டாம்.

இங்கே இரண்டு சொற்களை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, இது வருமானத்தில் கழிவு. வரியில் கழிவு அன்று. ரூ. 75,000 கழிகிறது என்றால் வரி ரூ. 75,000 குறைந்துவிடும் என்று பொருளல்ல. இருபது சதவிகித வரி கட்டுபவருக்கு மேல்வரி நீங்கலாக ரூ. 15,000 மிச்சமாகும், அவ்வளவே. இரண்டாவது, தொகை நிலையானது. செலவு ரூ. 20,000 ஆனாலும், இரண்டு லட்சம் ஆனாலும், கழிவு ஒன்றே. மருந்துக் கடைச் சீட்டுகளைக் கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் செலவே செய்யாதவர் கோர இடமில்லை.

சார்ந்து வாழ்பவர் யார்? கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரைச் சட்டம் குறிக்கிறது. மாமனார், மாமியார் இதில் இல்லை. அவர் தம் வாழ்வுக்கு முழுவதுமோ பெரும்பகுதியோ வரி கட்டுபவரையே நம்பியிருக்க வேண்டும். “பெரும்பகுதி” என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். மனைவிக்கு மாநில சர்க்கார் வழங்கும் பராமரிப்பு உதவி, கடும் பாதிப்புடையோருக்கு மாதம் ரூ. 2,000 என 2023இல் உயர்த்தப்பட்டது. அத்தொகையை வாங்குவதால் மட்டும் அவர் கணவனைச் சாராதவர் ஆகிவிடமாட்டார் என்பதே நேர்மையான வாசிப்பு என்பது எமது அபிப்பிராயம். இரண்டாயிரம் ரூபாயில் யார் வீடு நடக்கும்? ஆனால் மனைவியே உத்தியோகம் பார்த்து, தம் ஊனத்துக்காகத் தாமே 80யூ என்ற பிரிவின்கீழ்க் கழிவு கோரியிருந்தால், அதே ஊனத்தைக் காட்டிக் கணவனும் கோருவதற்குச் சட்டம் இடந்தராது. கணவனும் மனைவியும் இருவருமே ஊனமுற்று, மனைவி கணவனைச் சார்ந்திருந்தால், தமக்காக 80யூவும் மனைவிக்காக 80டிடியும் அவர் கோரலாம். கழிவு கோருபவர் அந்த ஆண்டில் இந்தியாவில் வசிப்பவராக இருத்தல் வேண்டும்.

எந்தக் குறைகள் ஊனமாகும் என்பதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இரு சட்டங்களைச் சுட்டுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையின்மை, குறைப்பார்வை, தொழுநோயிலிருந்து குணமானோர் நிலை, செவிக் குறை, கை கால் இயக்கக் குறை, அறிவு வளர்ச்சிக் குறை, மனநோய் ஆகிய ஏழைக் கூறியது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலிருந்து ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகிய மூன்று சேர்ந்தன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றது. புதிதாகச் சேர்ந்த வகையைச் சார்ந்தோர் கணக்காளர் ஒருவரைக் கலந்துகொண்டு கோருவது நலம். தறிக் குழியில் வெகு காலம் உட்கார்ந்தமையால் முழங்கால் தேய்ந்தவர், பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர், சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர் ஆகியோர் நம் வீடுகளில் உள்ளனர். இவர்களை நோயாளிகள் என்று மட்டுமே நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அளந்து பார்த்தால் இவர்களில் சிலர் 40 சதவிகித எல்லையைத் தாண்டக்கூடும்.

அளப்பவர் யார் என்பதே அடுத்த விஷயம்; இதில்தான் நம் பக்கத்து அங்கத்தினர்களுக்குத் தடுமாற்றம் அதிகம். தெருமுனை டாக்டரும், தனியார் ஆஸ்பத்திரியின் பெரிய நிபுணரும் எழுதித் தரும் கடிதம் இதற்குச் செல்லாது. சர்க்கார் ஆஸ்பத்திரியில், சட்டப்படி அறிவிக்கப்பட்ட மருத்துவ அதிகாரியே சான்றளிக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் நாடெங்கும் இச்சான்றுகள் தனித்துவ ஊன அடையாள அட்டைக்கான இணையத் தளத்தின் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. அட்டையில் உள்ள நிறக்கோடே ஊனத்தின் அளவைச் சொல்லிவிடும்: 40 சதவிகிதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வெள்ளைக் கோட்டு அட்டையை வைத்துக்கொண்டு வருமானவரிக் கழிவு கோர முடியாது.

மனு செய்யும்போது மாவட்டத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். அம்பத்தூர் ஒரு காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. தாலுகா 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. ஆயினும் அது திருவள்ளூர் மாவட்டத்திலேயே நிற்கிறது. பூவிருந்தவல்லியும் அவ்வாறே. எனவே அம்பத்தூர் அங்கத்தினர் சென்னை மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தையும், ஆவடி, பூவிருந்தவல்லி அங்கத்தினர் திருவள்ளூர் அலுவலகத்தையும் நாட வேண்டும். பழைய ரேஷன் அட்டையின் நினைவில் அம்பத்தூர்க்காரர் திருவள்ளூருக்கு ரயிலேறுவது வீண். பார்வைக் குறையுடையோர் இன்னொன்றும் அறிந்திருத்தல் நன்று. பார்வைக் குறையுடையோருக்கான சர்க்கார் பள்ளியும், தேசியப் பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் வட்டார மையமும் பூவிருந்தவல்லியிலேயே உள்ளன. சான்று தருவது அம்மையத்தின் வேலை அன்று. எனினும் பார்வை இழந்த பெண்மணி மீண்டும் அடுக்களையிலும் வெளியிலும் தாமே இயங்கக் கற்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

மனுவோடு ஆதார் அட்டை, புகைப்படம், முகவரிச் சான்று, சிகிச்சை ஏடுகள் ஆகியன வேண்டும். பக்கவாதம் போன்றவற்றில் நோய் ஒரு நிலைக்கு வந்த பின்னரே அளவிடுவர். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுவாரமே ஓட வேண்டாம். சான்று நிரந்தரமானதா, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் மறுபரிசோதனைக்கு உரியதா என்பதைப் பார்த்துக்கொள்க. காலம் முடிந்த சான்று, முடிந்த ஆண்டுக்குப் பிந்திய ஆண்டுகளுக்குக் கழிவு தராது, புதுப்பித்தல் வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகிய மூன்றுக்கும் 10-ஐஏ என்ற தனிப் பாரத்தில் சான்று வேண்டும். அதனை வருமானவரித் தளத்தில் ரிட்டர்னுக்கு முன்பாகவே பதிய வேண்டும்.

சான்று வாங்கத் தயங்கும் குடும்பங்கள் பல. “இருபது வருஷம் நான் பார்த்துக்கொண்டேன், இப்போது ஊரார் முன் அவளை ஊனம் என்று எழுதிக்கொடுக்கவா?” என்று கேட்கும் கணவர்களை நாம் அறிவோம். அத்தயக்கத்தில் அன்பு இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டோம். அங்கஹீனர் என்று பெயரிட்டு ஒதுக்கிய காலம் ஒன்று இருந்ததால்தான் இவ்வச்சம் நிலைத்தது. ஆனால் சான்று மனைவியின் பெயரில் உள்ளது. மாத உதவித்தொகை, பேருந்துச் சலுகை, தகுதியுள்ளோருக்கு ரயில் கட்டணச் சலுகை, சக்கர நாற்காலி போன்ற கருவிகள் யாவும் அவர் பெயரிலேயே வரும். இவற்றுக்கு வருமானவரிக் கழிவு இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவரே. கணவன் வரி மிச்சத்துக்காக அவரைக் கேளாமலே மனுப் போடுவதும், மானத்துக்காக அவரைக் கேளாமலே மறுப்பதும் எமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

இனி வரிக்கணக்கு. இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வருமானவரியில் இப்போது பழைய முறை, புதிய முறை என இரண்டு உண்டு. 80டிடி கழிவு பழைய முறையில் மட்டுமே கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், நாம் ஒன்றும் சொல்லாதிருந்தால் புதிய முறையே நமக்குரியதாகக் கொள்ளப்படும். அப்படியாயின் பழைய முறையைக் கேட்டு வாங்குவதுதான் நல்லதோ என்றால், எல்லோருக்கும் அன்று. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் ரூ. 12 லட்சம் வரை வருமானமுள்ளோருக்கு வரியே வராதபடி சலுகை அளிக்கப்பட்டது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு ரூ. 75,000ஐயும் சேர்த்தால் அது ரூ. 12,75,000. நிலம், வீடு, பங்கு விற்ற ஆதாயம் போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. ஆகவே மாதம் லட்ச ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் அங்கத்தினர் மகன், தன் மனைவியின் ஊனத்துக்கெனக் கழிவு கோரிப் பழைய முறைக்குப் போனால், இல்லாத வரியைத் தானே இழுத்துக்கொண்டவன் ஆகக்கூடும்.

அதற்கு மேல் சம்பளம் உள்ளவர் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். ஆண்டுச் சம்பளம் ரூ. 14 லட்சம் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு 80 சதவிகிதத்துக்கு மேல் ஊனம். புதிய முறையில் நிலையான கழிவு போக ரூ. 13,25,000 நிற்கும், வரியும் 4 சதவிகித மேல்வரியும் சேர்ந்து ரூ. 81,900. பழைய முறையில் நிலையான கழிவு ரூ. 50,000, சேமநிதி, ஆயுள் காப்பீடு முதலிய சேமிப்புக்கு ரூ. 1,50,000, மனைவிக்காக ரூ. 1,25,000 ஆகியன போனால் ரூ. 10,75,000 நிற்கும், வரி ரூ. 1,40,400. இவருக்குப் புதிய முறையே மேல். இவரே வீட்டுக் கடன் வட்டியாக ரூ. 2,00,000 கட்டுகிறார், தம் குடும்பத்துக்கும் வயதான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீட்டுக்காக ரூ. 75,000 கட்டுகிறார் என்று கொள்வோம். அப்போது பழைய முறையில் ரூ. 8 லட்சமே நிற்கும், வரி ரூ. 75,400. இப்போது பழைய முறை ரூ. 6,500 குறைவு. இதே மனிதர் மனைவிக்கான கழிவைக் கோராது விட்டிருந்தால் பழைய முறையில் வரி ரூ. 1,01,400 ஆகியிருக்கும். தராசின் முள் எங்கே சாய்கிறது என்பதை இக்கழிவு தீர்மானிக்கும் குடும்பங்கள் உள்ளன. ஆனால் அவை சிலவே. மனைவிக்கு ஊனம் என்றாலே வரி குறையும் என்று ஒருவர் சொன்னால், அவர் பழைய சட்டத்தைப் பேசுகிறார் என்று கொள்க. ஊனமுற்றோர் குடும்பத்துக்கென்று இருந்த ஒரு கழிவைப் புதிய முறையில் அடியோடு நீக்கியது எமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. சக்கர நாற்காலியின் விலை முறைக்கு முறை மாறுவதில்லையே.

பழைய முறையைத் தேர்வோர் காலக்கெடுவைத் தவறவிடலாகாது. பொதுவாக ஜூலை 31 என்பது சம்பளக்காரருக்குரிய கடைசி நாள். 2025இல் போல் சில ஆண்டுகளில் நீட்டிப்பதும் உண்டு. அந்நாளுக்குப் பின் ரிட்டர்ன் போடுபவருக்குப் பழைய முறை கிடையாது. அதனோடு மனைவிக்கான கழிவும் போயிற்று. சம்பளக்காரர் ரிட்டர்னிலேயே பழைய முறையைக் குறித்தால் போதும். சொந்தமாகத் தறி போட்டு வியாபாரம் செய்பவர் 10-ஐஇஏ என்ற பாரத்தைக் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவர் ஒருமுறை பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் உள்ளவரை மீண்டும் பழையதற்கு வர இயலாது. தொழிற்சாலையில் வேலை செய்வோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே சம்பளப் பிரிவில் விவரம் கொடுத்தால் மாதப் பிடித்தம் குறையும். கொடுக்கத் தவறினாலும் ரிட்டர்னில் கோரித் திரும்பப் பெறலாம்.

2023-24 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் முதல் இக்கழிவுக்கெனத் தனி அட்டவணை சேர்க்கப்பட்டது. ஊனத்தின் தன்மை, சார்ந்திருப்பவர் உறவு, அவருடைய பான் அல்லது ஆதார் எண், அட்டை எண் முதலியன கேட்கப்படும். ஆதாரில் ஒரு பெயரும் அட்டையில் வேறு எழுத்தும் இருந்தால் முதலில் அதைத் திருத்துக. சான்றின் நகலை ரிட்டர்னோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் இலாகா கேட்கும் நாளில் காட்டும்படி பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. “பணம் திரும்ப வாங்கித் தருகிறேன், பங்கு கொடு” என்று சொல்லி, இல்லாத ஊனத்தை எழுதிவிடும் தரகர் உண்டு. 2025 ஜூலையில் பொய்க் கழிவுகளை ஏற்றித் தரும் தரகர்களைக் குறித்து வருமானவரி இலாகா நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கணக்குக்கு விதிக்கப்படும் அபராதம் வரியின் இருமடங்கு வரை போகும். அதைக் கட்ட வேண்டியவர் கையெழுத்திட்ட அங்கத்தினரே, தரகர் அல்லர்.

அயல்நாட்டில் பிள்ளைகள் உள்ளோர் ஒன்றை அறிவது தகும். அமெரிக்காவில் மத்திய வரியோடு பெரும்பாலான மாநிலங்களில் தனி வருமானவரியும் உண்டு. டெக்சாஸ், புளோரிடா போன்றவற்றில் இல்லை. மத்திய வரியில், சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதியரில் ஒருவர் பார்வையற்றவரானால் நிலையான கழிவு கூடுகிறது. கலிபோர்னியா மாநிலமும் பார்வையற்ற கணவன் மனைவிக்குத் தனிச் சலுகை தருகிறது. பிரிட்டனில் பார்வையற்றவருக்குரிய கழிவில் அவர் பயன்படுத்தாத பகுதியைத் தம் கணவனுக்கோ மனைவிக்கோ மாற்றிக் கொடுக்கலாம். மாநில வருமானவரி என்று நம் ஊரில் பரவிய பேச்சு, அமெரிக்காவிலிருந்து வந்த தொலைபேசி உரையாடல்களின் விளைவாக இருக்கலாம்.

கடைசியாக, ஊனம் வேறு, நோய் வேறு. புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கு 80டிடிபி என்ற தனிப் பிரிவு உண்டு. அதில் உண்மையில் செலவான தொகையே, ரூ. 40,000 வரையும், நோயாளி மூத்த குடிமகனாயின் ரூ. 1,00,000 வரையும் கழியும். காப்பீட்டிலிருந்து வந்த பணத்தை அதில் குறைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் பழைய முறைக்கே உரியது. இங்கே நிபுண மருத்துவரின் மருந்துச் சீட்டு வேண்டும். பில்களையும் ஒன்று விடாமல் வைத்திருத்தல் வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் மனைவியை உடைய அங்கத்தினர் ஊனச் சான்றுக்கு அலையாமல், இந்தச் சீட்டுகளை ஏப்ரல் மாதம் முதலே ஓர் உறையில் போட்டு வரட்டும்.